மாரியில் காணி பாருங்கள், மாரிக்கு முன் கூரை போடுங்கள்: திருகோணமலைக் கிராமப்புறத்தில் முதல் வீடு கட்டுவோருக்கு

திருகோணமலை மாவட்டத்தில் காணி விற்பவர்கள் பெரும்பாலும் ஆனி, ஆடி மாதங்களில்தான் வாங்குபவரைக் கூட்டிச் சென்று காணியைக் காட்டுகிறார்கள். வெளிநாட்டில் இருப்பவர்களும் கொழும்பில் வேலை செய்பவர்களும் விடுமுறையில் ஊருக்கு வருவது அந்தக் காலத்தில் என்பதால் அது இயல்பானதே. ஆனால் கச்சான் காற்று வீசும் அந்த மாதங்களில் எந்தக் காணியும் மேட்டுக் காணியாகவே தோன்றும். தரை காய்ந்து இறுகியிருக்கும், லொறி உள்ளே வரைக்கும் வந்து போகும், பக்கத்து வாய்க்கால் வெறும் பள்ளமாகக் கிடக்கும். சாம்பல்தீவுப் பக்கம் நான் என் காணியை வாங்கியதும் ஓர் ஆடி மாதத்தில்தான். கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது, வீட்டுக்கு நிலையம் எடுத்து முளையடித்திருந்த இடத்தில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது. முளைகளில் இரண்டைக் காணவில்லை. அத்திவாரம் வெட்டுவதற்கு முன் அதைக் கண்டதால் வீட்டின் இடத்தை 40 அடி பின்னுக்குத் தள்ள முடிந்தது. கண்டிராவிட்டால், வருடந்தோறும் மார்கழியில் வாளியோடு விறாந்தையில் நின்றிருப்பேன்.

மாவட்டத்துக்கு ஆண்டில் ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர் மழை கிடைக்கிறது. அதில் பெரும்பகுதி வடகீழ்ப் பருவக்காற்றோடு ஐப்பசி நடுவிலிருந்து தை வரைக்குமான மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி நாட்களில் வெயிலும் காற்றும்தான். காணி தெரிவு, கிணறு, அத்திவாரத்தின் உயரம், கூரையின் சாய்வு, வேலை தொடங்கும் மாதம் ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு விடயமே தீர்மானிக்கிறது. நான் பொறியியலாளர் அல்லன். என் வீட்டைக் கட்டி முடித்து, பிறகு உறவினரின் மூன்று வீடுகளுக்கு மேற்பார்வை பார்த்தவன் என்ற அளவிலேயே இதை எழுதுகிறேன்.

காணியைப் பார்த்தல்

இயன்றால் கார்த்திகையிலோ மார்கழியிலோ, நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காணிக்குப் போய், தண்ணீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்து எந்தப் பக்கமாகப் போகிறது என்று பாருங்கள். கோடையில்தான் போக முடியும் என்றால் காணியில் உள்ள அடையாளங்களை வாசிக்கப் பழக வேண்டும். மரங்களின் அடியிலும் பக்கத்து வீட்டுக் கிணற்றுக் கட்டிலும் படிந்திருக்கும் சேற்றுக் கோடு, காணி மூலையில் வளர்ந்திருக்கும் சம்பும் கோரையும், அயல்வீடுகளின் படிக்கட்டு எத்தனை படி கொண்டது என்பது, இவை எல்லாம் காணிச் சொந்தக்காரரைவிட உண்மை பேசும். அயலில் உள்ள வயதான ஒருவரிடம் "எந்த வருசத்து வெள்ளம் இங்கே எது வரைக்கும் வந்தது?" என்று கேட்டால், கையால் சுவரைத் தொட்டே காட்டுவார்.

மூதூர், கிண்ணியா, வெருகல் பக்கங்களில் இன்னொன்றையும் மனதில் வைத்திருக்க வேண்டும். மகாவலி கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கிறது. அதன் கிளையொன்று வெருகல் ஆறாக ஓடுகிறது. ஆகவே அங்கே வெள்ளம் உள்ளூர் மழையால் மட்டுமல்ல, மலைநாட்டில் பெய்த மழையாலும், வானம் வெளித்த பிறகும் வரக்கூடும். கந்தளாய்க் குளத்தின் கட்டு 1986 ஏப்ரில் 20ஆம் திகதி உடைந்ததை நேரில் கண்டவர்கள் இன்றும் குளத்துக்குக் கீழே வீடு கட்டும்போது முதலில் அந்த நாளைப் பற்றித்தான் பேசுவார்கள்.

அடுத்தது மண். வீடு வரப்போகும் இடத்தில் 4 அடி ஆழத்துக்கு ஒரு குழி வெட்டிப் பார்ப்பதற்கு ஒருவரின் அரைநாள் கூலிதான் செலவாகும். உப்புவெளியிலிருந்து நிலாவெளி, குச்சவெளி வரைக்கும் கரையோரமாகப் பெரும்பாலும் மணல். உள்ளே போகப் போகச் சிவந்த கபில மண். தம்பலகாமம், கந்தளாய் போன்ற வயல்வெளிகளின் பள்ளங்களில் களிமண். மணலும் செம்மண்ணும் நல்ல அத்திவாரத்தைத் தாங்கும். தொல்லை தருவது கறுப்புக் களிமண்தான்: கோடையில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்து, மாரியில் ஊதிப் பெருத்து, சுவரையும் தன்னோடு சேர்த்து அசைக்கும். வயற்காணியை மண் போட்டு நிரப்பி வீடு கட்டுவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் அனுமதி வேண்டும் என்பதையும், "எல்லாரும் நிரப்பித்தானே கட்டுகிறார்கள்" என்ற பேச்சு அந்த அனுமதிக்கு ஈடாகாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாதையைப் பொறுத்தவரை, காணி உறுதியில் பாதை உரிமை எழுதப்பட்டிருக்கிறதா, அந்தப் பாதையில் மாரியில் டிப்பர் வருமா என்ற இரண்டு கேள்விகளே போதும். கந்தளாய், மொரவெவ, சேருவில, வெருகல் போன்ற பகுதிகளில் யானை வேலி எங்கே போகிறது என்றும் கேளுங்கள். நெல் மூட்டைகளைப் படுக்கை அறைச் சுவரோடு அடுக்கி வைக்கும் வழக்கத்தை அங்கே கைவிட வேண்டும். யானைக்கு நெல் மணம் தெரியும், அது கதவைத் தேடுவதில்லை.

உறுதியும் பெமிற்றும்

காணியைக் காலால் நடந்து பார்த்த பிறகு அதைக் கடதாசியிலும் நடந்து பார்க்க வேண்டும். இந்த மாவட்டத்தில் விற்பனைக்கு வரும் காணிகள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. தனியார் உறுதிக் காணியை இலங்கைக் குடியுரிமை உள்ள எவரும் விற்கலாம், வாங்கலாம். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரமாகவோ அளிப்பாகவோ கொடுக்கப்பட்ட அரச காணி அப்படியல்ல. அந்தச் சட்டம் 1935ஆம் ஆண்டுக்கு உரியது. மக்கள் பேச்சில் அது "பெமிற் காணி". சுவர்ணபூமி, ஜயபூமி என்ற பெயர்களில் வழங்கப்பட்ட அளிப்புகளும் இந்த வகையைச் சேர்ந்தவையே. இவற்றைக் கைமாற்றுவதற்குப் பிரதேச செயலாளரின் முன் அனுமதி தேவை. வெறும் கடதாசியில் "எனக்குரிய பெமிற் காணியை இன்னாருக்குக் கொடுத்தேன்" என்று எழுதி முத்திரை ஒட்டிக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வீடு கட்டியவர்களை நான் அறிவேன். வீடு அவர்களுடையது, காணி இன்னும் அவர்களுடையது அல்ல.

உறுதிக் காணியாயின் ஒரு சட்டத்தரணி மூலம் திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் குறைந்தது 30 ஆண்டுகளுக்குத் தோம்பு (காணிப் பதிவேடு) தேடுங்கள். ஈடு, வழக்கு, பாகப்பிரிவினை ஆகியவை அங்கேதான் வெளிப்படும். போர்க்காலத்தில் பல குடும்பங்கள் ஊரை விட்டு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடம்பெயர்ந்த மாவட்டம் இது என்பதால், ஒரே காணிக்கு ஒரு கிளை கனடாவிலும் மற்றக் கிளை மட்டக்களப்பிலும் இருப்பது வழமை. ஆகவே நீண்ட கால ஆட்சியை மட்டும் காட்டி விற்பவரிடமும், உடன்பிறந்தவர்களின் ஒப்பம் இல்லாமல் விற்பவரிடமும் வாங்காதீர்கள். அற்றோணித் தத்துவத்தை (சொந்தக்காரர் சார்பில் செயற்பட அவர் எழுதிக் கொடுத்த அதிகாரத்தை) வைத்து விற்பவராயின், அந்தத் தத்துவம் பதியப்பட்டதா, இன்னும் நடப்பில் உள்ளதா, அதைக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா என்ற மூன்றையும் சட்டத்தரணியிடம் எழுத்தில் கேளுங்கள்.

பிறகு உரிமம் பெற்ற நில அளவையாளர் ஒருவரைக் கொண்டு எல்லையை அளப்பியுங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. "இருபது பேர்ச்" என்று வாங்கிய காணி வேலியோடு அளந்தபோது பதினேழரையாகக் குறைந்ததை நான் கண்டிருக்கிறேன். அளவையின்போது அயற்காணிக்காரர்களையும் அழைத்து நிறுத்துவது ஊர் மரியாதை மட்டுமல்ல, பிற்காலத்துக்குச் சாட்சியும் ஆகும்.

வனப் பாதுகாப்புத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், தொல்பொருள் திணைக்களம் ஆகியவற்றின் எல்லைக்குள் காணி அகப்படவில்லை என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து அறியுங்கள். குறிப்பாகக் குச்சவெளிப் பக்கத்தில் இதை விட்டுவிடக் கூடாது. கடலோரமாயின் 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணல் சட்டம் உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றரைக் கரையோர வலயம் என்கிறது. அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26ஆம் திகதிச் சுனாமிக்குப் பிறகு கிழக்கில் 200 மீற்றருக்குள் கட்டக் கூடாது என்று முதலில் சொல்லப்பட்டு, பின்னர் அது தளர்த்தப்பட்டது. சட்டம் தளர்ந்தாலும் கடல் தளராது என்பதால், கரையோரத்தில் கட்டுகிறவர் நிலத்தின் உயரத்தையும் உள்நாட்டுப் பக்கம் ஓடுவதற்கான பாதையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

படமும் அனுமதியும்

புதியவர்கள் அடிக்கடி குழம்புவது பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் இடையில். காணி, பெமிற், வதிவிடம் தொடர்பான விடயங்கள் செயலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உரியவை. கட்டட அனுமதி சபைக்கு உரியது. திருகோணமலைப் பட்டினமும் சூழலும், குச்சவெளி, தம்பலகாமம், மூதூர், வெருகல், கிண்ணியா என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனிச் சபை உண்டு. விண்ணப்பத்தோடு வரைபடம், உறுதிப் பிரதி, நில அளவைப் படம், வீதிக் கோட்டுச் சான்றிதழ் முதலியவற்றைக் கொடுக்க வேண்டும். தொழில்நுட்ப உத்தியோகத்தரும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் காணிக்கு வந்து பார்ப்பார்கள். அனுமதி கிடைத்த பிறகே வேலையைத் தொடங்குங்கள். அனுமதிக்குக் காலவரை உண்டு என்பதால், பணம் சேராமல் இடையில் நிறுத்த வேண்டி வந்தால் அதை நீடித்துக்கொள்ளவும் மறவாதீர்கள்.

வரைபடத்தைக் கொழும்பில் வரைவித்துக் கொண்டு வருபவர்களிடம் நான் ஒன்றைச் சொல்வதுண்டு: அங்கே மழைக்காகக் கட்டுகிறார்கள், இங்கே வெயிலுக்காகவும் கட்ட வேண்டும். கச்சான் மேற்கிலிருந்து அனல் போல வருகிறது. ஆகவே மேற்குப் பக்கத்தில் படுக்கை அறையை வைக்காமல் களஞ்சியம், குளியலறை, குசினி போன்றவற்றை வையுங்கள். முடியாவிட்டால் அந்தச் சுவருக்கு ஒரு விறாந்தை கொடுங்கள். சன்னல்களை ஒன்றுக்கொன்று நேராக வைத்தால் கடற்காற்று வீட்டின் ஊடாகப் போகும். தாழ்வாரத்தை 3 அடிக்குக் குறையாமல் வெளியே இழுங்கள். வாடை மழை சாய்வாக அடிக்கும்போது சுவரைக் காப்பது அதுதான். மேற்கில் ஒரு வேம்பு நட்டால், ஏழெட்டு வருடத்தில் அது எந்தக் குளிரூட்டியையும்விட நன்றாக வேலை செய்யும்.

இன்னொன்று, முதல் வீட்டைச் சிறிதாகத் தொடங்குங்கள். நான்கு அறையோடு மேல்மாடியும் திட்டமிட்டு, லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் கொங்கிறீற்றுத் தாங்கி) மட்டத்தில் நின்றுபோய், உள்ளே எருக்கலை முளைத்திருக்கும் வீடுகள் எங்கள் வீதிகளில் போதுமான அளவு இருக்கின்றன. இரண்டு அறை, ஒரு விறாந்தை, குசினி, மலசலகூடம் என்று முடித்துக் குடிபுகுந்து, பின்னர் நீட்டுவதற்கு இடம் விட்டு வரைபடத்தை அமைப்பதே அறிவுடைமை.

முதலில் கிணறு

வீட்டுக்கு முதல் வெட்ட வேண்டியது கிணறுதான். கொங்கிறீற்றுக்கும் சுவருக்கும் நல்ல தண்ணீர் வேண்டும். உவர்நீரில் குழைத்தால் கம்பி துருப்பிடித்துக் கொங்கிறீற்று வெடிக்கும். குழாய்நீர் வரும் இடமாக இருந்தாலும் கிணறு இல்லாத வீட்டை எங்கள் பக்கத்தில் அரைவீடு என்றே நினைப்பார்கள்.

கரையோர மணல் நிலத்தில் நிலத்தடி நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதந்துகொண்டிருக்கிறது. மழை அதை நிரப்புகிறது. நாம் அதிகமாக இறைத்தால் கீழிருந்து உவர்நீர் மேலே ஏறுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்தது பிற்பாடுதான். என் கிணற்றை வெட்டிய பெரியவர் ஒவ்வொரு வளையம் இறக்கிய பிறகும் உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துத் துப்புவார். ஓரிடத்தில், "தம்பி, இதோட நிப்பாட்டுவம், இன்னும் தோண்டினா நீங்க கடலைத்தான் தோண்டுவீங்க" என்றார். கோடையில் வற்றிவிடுமோ என்ற பயத்தில் நான் அவரை வற்புறுத்தி இன்னும் இரண்டு வளையம் இறக்கச் செய்தேன். அது போதாதென்று ஒரு குதிரைவலு மோட்டரையும் பூட்டினேன். அடுத்த ஆவணியில் பருப்பு வேகாமல் நின்றது. தேநீர் வாயில் வைக்க முடியாமல் கரித்தது.

பெரியவர் திரும்ப வந்து, உறிஞ்சும் குழாயை நான்கு அடி மேலே தூக்கி, கிணற்றின் அடியில் மணல் போட்டு நிரப்பினார். மோட்டரை அரைக் குதிரைவலுவாக மாற்றி, காலையில் அரை மணித்தியாலமும் மாலையில் அரை மணித்தியாலமும் மட்டும் மேல் தாங்கிக்கு இறைக்கத் தொடங்கினோம். அடுத்த மாரி கழிந்த பிறகே தண்ணீர் பழைய சுவைக்கு வந்தது. கரையோரக் கிணறு அகலமாகவும் ஆழம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்று இதனாலேயே சொல்கிறேன். உள்நாட்டில் கருங்கற்பாறை மேல் கிணறு வெட்டுவோருக்கு உவரைவிடக் கடினத்தன்மையும் புளோரைட்டுமே கவலை. அங்கே குடிப்பதற்கு முன் தண்ணீரை ஆய்வுகூடத்தில் பரிசோதித்துக்கொள்ளுங்கள்.

மலக்குழியின் இடத்தையும் இதே நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். கிணற்றிலிருந்து உறிஞ்சு குழிக்குக் குறைந்தது 50 அடி, இயன்றால் 60 அடி தூரம் விடுங்கள். நிலத்தடி நீர் ஓடும் திசையில் கிணற்றுக்குக் கீழ்ப்பக்கமாகக் குழி இருக்கட்டும். 20 பேர்ச் சதுரக் காணியின் ஒரு பக்கம் ஏறத்தாழ 74 அடிதான் என்பதால், கிணறு ஒரு மூலையிலும் குழி எதிர் மூலையிலும் வந்தாலே கணக்குச் சரிவரும். உங்கள் கிணற்றை மட்டும் அளந்துவிட்டு, வேலிக்கு அப்பால் இருக்கும் அயலவரின் கிணற்றை மறந்துவிடாதீர்கள். பரிசோதகர் அதையும் அளப்பார்.

நாட்கணக்கும் ஆட்களும்

தைப்பொங்கல் கழிந்து மழை ஓய்ந்ததும் அத்திவாரம் வெட்டினால், சித்திரை, வைகாசியில் சுவர் எழும்பி, ஆவணிக்குள் கூரை முடியும். ஐப்பசிக்குள் கூரை ஏறாத வீட்டில் அந்த மாரி முழுவதும் பணமும் பலகையும் நனையும். நாள் பார்க்கிறவர்கள் ஆடியிலும் மார்கழியிலும் புதிதாகத் தொடங்க மாட்டார்கள்; மழைக்கணக்கும் அதற்குப் பெரிதாக முரண்படவில்லை.

வேலையைக் கொடுப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சாமானோடு முழுக் கொந்தராத்தாகக் கொடுப்பது ஒன்று. சாமானை நீங்களே வாங்கிக் கொடுத்துக் கூலியை மட்டும் சதுர அடிக் கணக்கில் பேசுவது மற்றது. தினமும் காணியில் நிற்கக்கூடியவருக்கு இரண்டாவது வழி இலாபம். வெளிநாட்டிலிருந்து கைபேசியில் மேற்பார்வை பார்க்க நினைப்பவருக்கு இரண்டுமே நட்டம். சம்பளம் கொடுத்தாவது நம்பிக்கையான ஒருவரை நிறுத்துங்கள். எந்த வழியானாலும் ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்து, அத்திவாரம், லிண்டல், கூரை, பூச்சு என்று கட்டம் கட்டமாக, முடிந்த வேலைக்கு மட்டும் பணம் கொடுங்கள். மொத்தத் தொகையில் 5 வீதத்தை இறுதிவரை நிறுத்தி வைக்கப் போவதாகத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியில் சீமெந்தின் விலை சில மாதங்களில் இருமடங்குக்கு மேல் ஏறியதைக் கண்டவர்கள், கணக்குப் போட்ட தொகைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கையாவது கையில் வைத்துக்கொண்டே தொடங்குகிறார்கள்.

மேசனின் வேலையை அறிய அவர் காட்டும் படங்களைப் பார்க்காமல், அவர் மூன்று வருடத்துக்கு முன் கட்டிய வீடொன்றுக்குப் போய் வீட்டுக்காரரோடு தேநீர் குடியுங்கள். சன்னல் மூலைகளில் வெடிப்பு உண்டா, மழையில் எங்கே ஒழுகுகிறது என்று அவரே சொல்லுவார்.

அத்திவாரத்திலிருந்து சுவர் வரை

மூலைமட்டம் பிழைத்தால் ஓடு போடும்போதுதான் தெரியவரும், அப்போது திருத்த முடியாது. ஒரு மூலையிலிருந்து ஒரு நூலில் 6 அடியும் மற்ற நூலில் 8 அடியும் அளந்து குறியிடுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையில் சரியாக 10 அடி இருந்தால் அது செங்கோணம். எல்லா மூலையும் முடிந்த பிறகு இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து சமமா என்று பாருங்கள். இதை மேசன் செய்யும்போது நீங்களும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள்.

மணலில் அகலமான கிடங்கு வெட்டி, தண்ணீர் விட்டு இறுக்கி, கருங்கல் அத்திவாரம் கட்டி, மேலே கம்பி போட்ட பீம் ஒன்றைச் சுற்றிவர ஓட்டினால் போதும். களிமண்ணாயின் அதை ஆழமாக வெட்டி அகற்றிக் கிறவல் நிரப்பி இறுக்க வேண்டும். அங்கே பீமில் சிக்கனம் பிடிக்கக் கூடாது. வீட்டுத் தரை, நீங்கள் கேட்டறிந்த ஆகக் கூடிய வெள்ள மட்டத்துக்கு மேல் ஒன்றரை அடியாவது உயர்ந்திருக்கட்டும். அத்திவாரத்தின் மேல் ஈரத்தடைப் படையும், தரை கொங்கிறீற்றுக்கு முன் கறையான் மருந்தும் கட்டாயம். மருந்துச் செலவை மிச்சம் பிடித்தவர்களின் முதிரைக் கதவு நிலைகளைக் கறையான் உள்ளே கூடாக்கி, வெளியே வர்ணத்தை மட்டும் விட்டு வைத்திருந்ததை விரலால் குத்திப் பார்த்திருக்கிறேன்.

மணல் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். கடல் மணல் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். ஆற்று மணலாயினும் உரிமப் பத்திரத்தோடு வரும் லோட்டையே இறக்குங்கள். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு மணலும் மீதி தண்ணீரும் விட்டுக் குலுக்கி, சில மணித்தியாலம் அசையாமல் வைத்தால் மணலின் மேல் சேறு தனிப் படையாகப் படியும். அது மணலில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டால் லோட்டைத் திருப்பி அனுப்புங்கள். மணல் கியூப் கணக்கில் விற்கப்படுகிறது. ஒரு கியூப் 100 கன அடி. டிப்பர் பெட்டியை அளவு நாடாவால் அளந்து பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சீமெந்துக் கல்லை வாங்குவதாயின் ஒரு பையில் எத்தனை கல் அரிகிறார்கள் என்றும், எத்தனை நாள் நனைத்தார்கள் என்றும் கேளுங்கள். இடுப்பளவு உயரத்திலிருந்து மண்ணில் போட்டால் நல்ல கல் உடையாது. என் அனுபவத்தில் தண்ணீர் வசதி உள்ள காணியில் நீங்களே ஆள் பிடித்து அரிவிப்பதே மேல்.

கொங்கிறீற்றில் 1:2:4 என்ற அளவை எல்லோரும் வாயால் சொல்வார்கள். சவளால் அள்ளும்போது அது 1:3:5 ஆகிவிடும். ஆகவே 15 அங்குல நீளமும் 12 அங்குல அகலமும் 12 அங்குல உயரமும் கொண்ட பலகைப் பெட்டி ஒன்றை ஓடாவியிடம் செய்வித்துக்கொள்ளுங்கள். அதன் கொள்ளளவு 1.25 கன அடி, அதாவது 50 கிலோ சீமெந்துப் பை ஒன்றுக்குச் சமம். ஒரு பைக்கு இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லி. குழைவு இலகுவாக இருக்க வேண்டும் என்று மேலதிகமாகத் தண்ணீர் ஊற்றுவதைத் தடுக்க, கலவை போடும் நாளில் வேறு அலுவல் வைத்துக்கொள்ளாமல் அங்கேயே நில்லுங்கள்.

பிறகு நனைத்தல். கச்சான் வீசும் மாதத்தில் காலையில் போட்ட கொங்கிறீற்று மத்தியானத்துக்குள் வெளிறிவிடும். கைகொடுக்க வந்த பையன் வாளியால் ஒருமுறை விசிறிவிட்டு நிழலுக்குப் போய்விடுவான். ஒரு மணித்தியாலத்தில் மேற்பரப்பில் தலைமயிர் போன்ற வெடிப்புகள் ஓடத் தொடங்கும். பழைய சாக்குகளை நனைத்து மூடி, அவை காயாமல் குறைந்தது 7 நாளைக்குத் தண்ணீர் விடுங்கள். கடலுக்குப் பக்கமாயின் கம்பிக்கு வெளியே இரண்டு அங்குலம் கொங்கிறீற்று மூடி நிற்க வேண்டும். உப்புக்காற்று உள்ளே புகும் வழி அங்குதான்.

கூரை

1964 டிசம்பர்ப் புயலைப் பார்த்த தலைமுறை குறைந்துவிட்டது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் இந்த மாவட்டத்தின் கரையூடாக உள்ளே வந்ததை எல்லோரும் பார்த்தோம். புயல் கூரையை மேலிருந்து அமுக்குவதில்லை, கீழிருந்து தூக்குகிறது. ஆகவே சுவர்களின் மேல் சுற்றிவர ஒரு கொங்கிறீற்றுப் பட்டி ஓட வேண்டும். அதில் புதைத்த போல்ற்றுகளால் வளையை (சுவரின் மேல் படுக்கையாகக் கிடக்கும் மரத்தை) இறுக்கி, கைமரங்களை வளையோடு இரும்புப் பட்டியால் கட்ட வேண்டும். வெறும் ஆணி போதாது.

ஓடு வெயிலுக்கு நல்லது, ஆனால் சாய்வு வேண்டும். 30 பாகைக்குக் குறைந்தால் வாடை மழை ஓட்டின் அடியால் ஏறும். கடற்கரையில் துத்தநாகத் தகடு சில வருடங்களில் துருப்பிடித்துவிடும். மரத்தில் முதிரையும் பாலையும் முதல் தரம், செலவு கூடினால் நன்றாக உலர்ந்த வேம்பு. மரத்தை ஏற்றி வருவதற்குரிய அனுமதிப்பத்திரம் விற்பவரிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைச் சொந்தக் காணியில் நின்றாலும் அனுமதியின்றித் தறிக்க முடியாது.

முடிக்கும் வேலைகள்

மின்னிணைப்புக்குத் தகுதி பெற்ற மின்வினைஞரின் வயரிங் சான்று தேவை. பூச்சு வேலைக்கு முன்னரே குழாய்களை இறக்கிவிட்டால் பிறகு சுவரை வெட்டத் தேவையில்லை. நிலத்தொடுப்புக் கம்பியையும் ட்ரிப் சுவிச்சையும் தவிர்க்காதீர்கள். மணல் நிலத்தில் நிலத்தொடுப்பு ஈரமுள்ள ஆழம் வரைக்கும் இறங்க வேண்டும். சன்னல்களுக்குக் கடலோரத்தில் இரும்பைவிட மரமோ அலுமினியமோ நீடிக்கும். வேலை முடிந்ததும் பிரதேச சபையிடம் இணக்கச் சான்றிதழ் பெற்று, அதை உறுதி, அளவைப் படம், அனுமதி பெற்ற வரைபடம் ஆகியவற்றோடு ஒரே கோவையில் வையுங்கள். வங்கிக் கடனுக்கும் பிற்கால விற்பனைக்கும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிக் குடிபுகுங்கள். நிறுத்தி வைத்த 5 வீதத்தை அன்றைக்கே கொடுத்துவிடும்படி மேசன் கேட்பார், அன்பாக மறுத்துவிடுங்கள். கார்த்திகையில் வாடை மழை நன்றாக அடிக்கும் ஓர் இரவில் கைவிளக்கை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போய், முகட்டு ஓட்டின் கீழும் சன்னல் நிலைகளின் மேலும் சுவர் நனைந்திருக்கும் இடங்களை நிலக்கரியால் வட்டமிட்டு வையுங்கள். மழை வெளித்ததும் அவரைக் கூப்பிட்டு வட்டங்களைக் காட்டி, அவற்றைச் சரிசெய்வித்து, தைப்பொங்கலுக்கு முன் அந்தப் பணத்தைக் கையில் கொடுங்கள்.